பாட்டைச் சதுரமாக்கிக் கேட்டோம்

மனிதக் குரலிலிருந்து சத்தத்தின் ஏற்ற இறக்கம் முழுவதையும் பிடுங்கிவிட்டால் பேசியது புரியுமா? கிசுகிசுத்தாலும் சரி, கத்தினாலும் சரி, ஒரே உயரம். அலை நடுக்கோட்டுக்கு மேலே இருந்தால் ‘மேலே’, கீழே இருந்தால் ‘கீழே’. இடையில் எதுவும் கிடையாது. இப்படி வெட்டிச் சிதைத்த பேச்சிலும் கேட்பவர்கள் சுமார் 70 சதவீதச் சொற்களைச் சரியாகச் சொன்னார்கள் என்று 1946-ல் ஜே. சி. ஆர். லிக்லைடர் எழுதினார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் காது எப்படிக் கேட்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த உளவியலாளர் அவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமான இரைச்சலுக்கு நடுவே ரேடியோவில் பேசுவது எதிர்முனையில் புரிய வேண்டும் என்பதுதான் இந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் பின்னணி. (இதே மனிதர்தான் 1962-ல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான ஆர்பாவுக்குப் போய், கணினிகளையெல்லாம் ஒரே வலையில் கோர்க்க வேண்டும் என்று குறிப்பு எழுதி இன்டர்நெட்டுக்கு விதை போட்டவர். குரலை வெட்டிப் பார்த்தவருக்கு இது அடுத்த வேலை!)

வெம்பாக்கம், செய்யாறு, ஆரணிப் பக்கத்து ஆட்களுக்கு லிக்லைடரின் முடிவு ஒன்றும் புதிய செய்தி இல்லை. வெயில் காலம் வந்தால் ஏதாவது ஓர் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், வால்யூம் குமிழை அதற்கு மேல் திருப்ப முடியாத அளவுக்குத் திருப்பி வைத்த ஆம்பிளிஃபயர். அந்த நிலைமையில் ஆம்பிளிஃபயர் குரலைப் பெரிதாக்குவதை விட்டுவிட்டு, அலையின் தலையையும் காலையும் சீவத் தொடங்கிவிடும். தன் சப்ளை வோல்டேஜுக்கு மேல் அதனால் கொடுக்க முடியாதல்லவா? வளைவாக வர வேண்டிய அலை தட்டையான தலையோடு வரும். சீவச் சீவ அது சதுர அலையை நெருங்கும். ஆனாலும் ரெண்டு ஊர் தள்ளி, ஏரிக்கரையில் படுத்திருக்கிறவருக்கு மேடையில் இருப்பது துரியோதனனா கட்டியங்காரனா என்பது வரை தெரிகிறது.

அரைகுறையாகச் சீவியதே இப்படி என்றால், முழுக்கச் சீவினால் என்ன மிஞ்சும்? அதைக் கேட்டுப் பார்க்கத்தான் இந்தச் சர்க்யூட். காஞ்சிபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு மாங்கால் கூட்ரோட்டு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவனுக்கு வார விடுமுறையில் வேறென்ன பொழுதுபோக்கு?

முதலில் அடிப்படை. ஃபோனின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து வருவது மேலும் கீழும் வளைந்து ஆடுகிற ஒரு மின்னழுத்தம், ஒரு வோல்ட்டுக்கும் குறைவான ஆட்டம். அதைச் சதுர அலையாக்குவது என்றால் ஒவ்வொரு கணமும் ஒரே ஒரு கேள்வி கேட்பது: கோட்டுக்கு மேலா, கீழா? ஒரு பக்கம் என்றால் 5 வோல்ட், மறு பக்கம் என்றால் பூஜ்யம். பட்டுத் தறி உள்ள வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டிசைன் போடுகிறவர் மாங்காயை வளைத்து வளைத்து அழகாக வரைவார். ஆனால் அது கிராஃப் தாளுக்கு வரும்போது ஒவ்வொரு கட்டமும் ஒன்று நிரம்பும், அல்லது காலியாக இருக்கும். நிரம்பிய கட்டத்துக்கு ஜக்கார்டு அட்டையில் ஓட்டை. ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும், பாவு நூல் மேலே போகும். பாதி தூக்கிய நூல் என்று ஒன்று கிடையாது. இருந்தும் சேலையில் மாங்காய் மாங்காயாகத்தான் தெரிகிறது.

இனி கடைச் சாமான். எல்எம் 393 என்ற எட்டுக் கால் சில்லு. இதற்குள் இரண்டு கம்பேரட்டர்கள் இருக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கம்பேரட்டரின் வேலை இரண்டு கால்களின் வோல்டேஜை ஒப்பிட்டு, எது பெரியது என்று சொல்வது மட்டும். எல்எம் 358 கையில் இருக்கிறதே, அதை வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஓடும். ஆனால் அது ஆப்-ஆம்ப், வெளியீடு மேலே ஏறி இறங்கவே பத்து மைக்ரோ செகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். உயர்ந்த ஸ்தாயியில் சதுரம் சரிவாகிவிடும். 5 வோல்ட் சப்ளையில் அது மூன்றரை வோல்ட்டுக்கு மேல் ஏறவும் மாட்டாது. பழைய 741-ஐ 5 வோல்ட்டில் ஓட்டுவதற்குப் பதில் அதை ஷோகேஸில் வைத்துக்கொள்ளலாம்.

சப்ளைக்குப் பழைய செல்ஃபோன் சார்ஜரின் 5 வோல்ட் போதும். பவர் பேங்க் இருந்தால் இன்னும் நல்லது, இரைச்சல் குறைவு. எட்டாவது காலுக்கு 5 வோல்ட், நாலாவது கால் கிரவுண்டு. இரண்டு 10 கே ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வரிசையாகப் போட்டால், அவை சேருமிடத்தில் 2.5 வோல்ட் கிடைக்கும். அந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். இதுதான் நம் நடுக்கோடு. ஃபோனிலிருந்து வரும் சிக்னலை, 104 என்று அச்சடித்த 0.1 மைக்ரோ கெபாசிட்டர் வழியாக இரண்டாவது காலுக்குக் கொடுங்கள். அதே காலிலிருந்து நடுக்கோட்டுக்கு ஒரு 100 கே. இப்போது பாட்டு 2.5 வோல்ட்டைச் சுற்றி ஆடும். மூன்றாவது காலை 10 கே வழியாக நடுக்கோட்டோடு இணையுங்கள். முதல் கால் வெளியீடு. இந்தச் சில்லுக்கு வெளியீட்டைக் கீழே இழுக்க மட்டும்தான் தெரியும், மேலே தூக்கத் தெரியாது. அதனால் முதல் காலுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு 4.7 கே போட வேண்டும். இதை மறந்துவிட்டு ‘சில்லு டூப்ளிகேட்’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக ஒரு 470 கே, முதல் காலிலிருந்து மூன்றாவது காலுக்கு. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். சர்க்யூட்டின் உயிரே அதுதான்.

அது இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் தெரியும். ஃபோனில் 440 ஹெர்ட்ஸ் டோன் போடுங்கள், வால்யூமை நன்றாகக் குறைத்துவிடுங்கள். வெளியீட்டில் ஓர் அலை எண்ணியை மாட்டுங்கள், ஆர்டுயினோவில் நாலு வரி எழுதினால் அதுவே எண்ணும். எண் 440-ல் நிற்காது. ஒரு தடவை ஐந்நூற்றுச் சொச்சம், அடுத்த தடவை எண்ணூறைத் தாண்டும், கையை ஒயர் பக்கம் கொண்டுபோனால் வேறொன்று. காரணம், அலை நடுக்கோட்டைக் கடக்கிற அந்தக் கணம். நல்ல சிக்னல்கூடக் கோட்டைத் தனியாகக் கடப்பதில்லை. மேலே கொஞ்சம் இரைச்சலைச் சுமந்துகொண்டுதான் கடக்கும். அந்த இரைச்சல் கோட்டுக்கு மேலே, கீழே, மேலே, கீழே என்று துள்ளும்போது, கம்பேரட்டர் ஒவ்வொரு துள்ளலுக்கும் நியாயமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். கேட்டால் ‘கர்ர்’ என்று இருக்கும்.

470 கே என்ன செய்கிறது? வெளியீட்டில் ஒரு சிட்டிகையை எடுத்துக் கோட்டிலேயே கலந்துவிடுகிறது. வெளியீடு 5 வோல்ட்டில் இருக்கும்போது கோடு 2.55-க்கு ஏறிக்கொள்ளும். பாட்டு அதைத் தாண்டியதும் வெளியீடு பூஜ்யத்துக்கு விழும், கூடவே கோடும் 2.45-க்கு இறங்கிவிடும். இனிமேல் திரும்பிப் போக வேண்டுமானால் அலை முழுதாக 0.1 வோல்ட் கீழே வந்தாக வேண்டும். சில மில்லி வோல்ட் இரைச்சலால் அது முடியாது. ஒரு முடிவு எடுத்தால் அற்பக் காரணத்துக்காக மாற்றிக்கொள்வதில்லை என்கிற பிடிவாதம். இதற்குப் பெயர் ஹிஸ்டரிசிஸ். பள்ளியில் காந்தத் தயக்கம் என்று ஒரு வளைவை வரைந்து மார்க் வாங்கினோமே, அதே சங்கதி. 470 கே-யை மாட்டியதும் எண் 440-க்கு வந்து நிற்கும்.

இதை முதலில் கட்டியவர் ஓட்டோ ஷ்மிட். 1934-ல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, கணவாயின் நரம்பில் ஓடுகிற மின்துடிப்பைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்பும் இதைத்தான் செய்கிறது: ஓர் அளவைத் தாண்டும்வரை சும்மா இருக்கும், தாண்டினால் முழுதாகத் துடிக்கும், பாதித் துடிப்பு கிடையாது. அதே குணத்தை வால்வுகளை வைத்துச் செய்து 1938-ல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கும் அது ஷ்மிட் டிரிகர்தான். கதவு மணி பட்டனிலிருந்து கம்ப்யூட்டர் மவுஸ் வரை அது இல்லாத இடம் குறைவு. 74ஹெச்சி14 என்று கேட்டால் ஒரே சில்லில் ஆறு ஷ்மிட் டிரிகர்கள் தருவார்கள். ‘அப்புறம் எதற்கு இத்தனை ரெசிஸ்டர்?’ என்பீர்கள். அதில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட ஒரு வோல்ட், நம்மால் மாற்ற முடியாது. ஃபோனிலிருந்து வரும் சின்ன ஆட்டத்துக்கு அது அசைந்தே கொடுக்காது. நம் சர்க்யூட்டில் 470 கே-யை மாற்றினால் பிடிவாதத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

சரி, கேட்போம். வெளியீட்டை நேராகக் காதில் மாட்டிவிடாதீர்கள், 5 வோல்ட் காதைப் பதம் பார்த்துவிடும். 47 கே, 2.2 கே இரண்டையும் வைத்துப் பிரித்தால் 0.2 வோல்ட் ஆகும். அதை ஒரு கெபாசிட்டர் வழியாகச் சின்ன ஸ்பீக்கர் செட்டுக்குக் கொடுங்கள்.

புல்லாங்குழல் முதலில். ராகம் அப்படியே இருக்கும், கமகம்கூட இருக்கும், ஆனால் புல்லாங்குழல் இருக்காது. பழைய நோக்கியா ஃபோனின் ரிங்டோன் ஆகிவிடும். அந்த ஃபோன்களின் பஸ்ஸரை ஓட்டியதும் சதுர அலைதான். சதுர அலைக்குள் மூல ஸ்வரத்தோடு அதன் மூன்று மடங்கும், ஐந்து மடங்கும், ஏழு மடங்கும் ஒளிந்திருக்கின்றன: மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு பலத்தில், ஐந்தாவது ஐந்தில் ஒரு பங்கில், இப்படியே. அந்த மூக்கடைத்த கூர்மை அங்கிருந்துதான் வருகிறது.

சினிமாப் பாட்டு போட்டால் ஏமாற்றம். டிரம்ஸ் கேட்கும், பேஸ் கேட்கும், பாடகர் எங்கோ கிணற்றுக்குள் இருந்து தலையைத் தலையைக் காட்டுவார். கோடு ஒன்றுதான். எந்தச் சத்தம் பெரிதோ அதுதான் அலையைக் கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு போகும். சின்னச் சத்தம் அதன் முதுகில் ஏறிப் போகும்போது கோட்டைத் தொடவே வாய்ப்பில்லை. வலுத்தவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வான். தனிக் குரலுக்கும் தனி வாத்தியத்துக்கும்தான் இந்தச் சர்க்யூட் லாயக்கு.

ஆகவே கூத்து. ஃபோனில் பதிந்து வைத்திருந்த கர்ண மோட்சத்திலிருந்து ஆர்மோனியம் நின்று வசனம் மட்டும் ஓடுகிற ஓர் இடத்தைப் போட்டேன். அப்பா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். கால் மிதியில், காது இந்தப் பக்கம்.

“பொன்னுருவிகிட்ட பேசுறாண்டா. போருக்குப் போற எடம்.”

“புரியுதாப்பா?”

“இது கூடவா புரியாது? தொண்ட கட்டுன மாதிரி இருக்கு, அவ்ளோதான்.”

லீவுக்கு வந்திருந்த சென்னைச் சித்தி பையனுக்கு அதே பதிவு ஒரு வார்த்தை விளங்கவில்லை. “ரோபோ ரெண்டு சண்டை போட்டுக்குதுண்ணா” என்றான். இரண்டு பேர் காதிலும் விழுந்தது ஒரே சதுர அலை. அப்பாவுக்குக் கர்ண மோட்சம் மனப்பாடம், அடுத்து எந்தச் சொல் வரும் என்பது அவருக்குள் ஏற்கெனவே இருக்கிறது, அலை வந்து ஞாபகப்படுத்தினால் போதும். லிக்லைடர் தொடர்பில்லாத தனிச் சொற்களைப் படிக்கச் சொல்லிச் சோதித்ததன் காரணம் இப்போது புரிகிறது. ஊர் முழுக்கத் தெரிந்த கதையைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸ்பீக்கருக்குப் பெருமை சேர்க்கக் கூடாது.

அதனால் நானும் தனிச் சொற்களைப் பதிந்து அந்தப் பையனையே உட்கார வைத்துச் சோதித்தேன். ‘மீட்டு’, ‘மூட்டு’ இரண்டும் அவனுக்கு ஒன்றாகிவிட்டன. ஏன் என்று தோண்டினால் காரணம் அழகானது. நாம் உயிரெழுத்து சொல்லும்போது வாயும் தொண்டையும் சில அலைவரிசைகளைத் தூக்கிக் கொடுக்கின்றன. ‘ஈ’, ‘ஊ’ இரண்டுக்கும் முதல் தூக்கல் கிட்டத்தட்ட ஒரே இடம், 300 ஹெர்ட்ஸ் பக்கம். இரண்டாவது தூக்கல்தான் வேறு: ‘ஈ’ என்றால் இரண்டாயிரத்துக்கு மேலே, ‘ஊ’ என்றால் ஆயிரத்துக்குக் கீழே. ஆனால் பலசாலி முதல் தூக்கல்தான். கோட்டைக் கடப்பதை அதுவே தீர்மானித்துவிட, வித்தியாசத்தைச் சொல்ல வேண்டிய இரண்டாவது அமுங்கிப்போகிறது. ‘வாலை’, ‘வாளை’, ‘வாழை’யைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த மூன்றையும் பிரிக்கிற அடையாளம் இன்னும் மேலே, இன்னும் பலவீனமாக இருக்கிறது. (சில டிவி அறிவிப்பாளர்கள் இதை எந்தச் சர்க்யூட்டும் இல்லாமலேயே சாதிக்கிறார்கள்.)

இதற்கு மருந்தும் லிக்லைடரிடமே இருக்கிறது. 1948-ல் அவரும் இர்வின் பொல்லாக்கும் சேர்ந்து வேறொன்று செய்தார்கள். வெட்டுவதற்கு முன்னால், கீழ் அலைவரிசைகளைத் தாழ்த்தி மேல் அலைவரிசைகளை உயர்த்திக் கொடுத்தார்கள். புரிகிற சொற்கள் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. நம் சர்க்யூட்டில் இதற்கு ஆகிற செலவு ஒரு ரூபாய். 104 கெபாசிட்டரைப் பிடுங்கிவிட்டு 102 போடுங்கள். 0.1 மைக்ரோவுக்குப் பதில் 1 நானோ ஃபாரட். 100 கே-யோடு சேர்ந்து அது 1,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் படிப்படியாகக் குறைக்கும். சிக்னலும் மெலிந்துவிடும் என்பதால் பிடிவாதத்தையும் தளர்த்த வேண்டும்: 470 கே-க்குப் பதில் 2.2 மெகா. இடைவெளி நூறு மில்லி வோல்ட்டிலிருந்து இருபது சொச்சத்துக்கு வந்துவிடும்.

மாற்றிக் கேட்டால் குரல் இன்னும் அசிங்கமாக இருக்கும். தகரத்தில் ஆணி இழுப்பது போன்ற சத்தம். ஆனால் ‘மீட்டு’ மீட்டாகவும் ‘மூட்டு’ மூட்டாகவும் வந்து நின்றன. பையன் ஒத்துக்கொண்டான். ‘வாழை’ விஷயத்தில் அவன் இன்னும் ஊகம்தான் செய்தான். இனிமையும் தெளிவும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு முரட்டுத்தனமாகக் காட்டுகிற சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை. பிடிவாதத்தைத் தளர்த்தியதற்குத் தண்டனையும் உண்டு. பேச்சு நிற்கும் இடைவெளிகளில் ஃபோனின் சன்னமான இரைச்சல் எழுந்து முழு உயரத்துக்கு ‘உஸ்’ என்று நிற்கும். இந்தச் சர்க்யூட்டுக்குச் சின்னது பெரியது தெரியாது. கோட்டைத் தாண்டிய எல்லாமே அதற்கு 5 வோல்ட். 2.2 மெகாவுக்கும் 470 கே-க்கும் நடுவில் உங்கள் ஃபோனுக்கு ஒத்துவருகிற ஒன்றை நீங்களே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

இதையெல்லாம் எங்கள் ஊர்ப்பக்கம் மைக் செட் வைத்திருக்கும் அண்ணனிடம் சொன்னபோது அவர் கவலை வேறாக இருந்தது.

“அதெல்லாம் சரி தம்பி. போன பாரதத்துல ரெண்டு யூனிட் போச்சு. எதுக்கு எரியுதுன்னு உன் மிஷினு சொல்லுமா?”

சொல்லும். ஒரே உச்ச வோல்டேஜுள்ள வளைந்த அலையையும் சதுர அலையையும் ஒப்பிட்டால், சதுரம் இரண்டு மடங்கு சக்தியைத் தள்ளுகிறது. வளைந்த அலை உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும், சதுரம் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கும். 100 வாட் ஆம்பிளிஃபயரை முழுக்கச் சீவ வைத்தால், அதன் சப்ளை தாங்குமானால், 200 வாட் வரை போய் குழாயின் கழுத்தில் இருக்கிற யூனிட்டின் மெல்லிய சுருளைச் சூடாக்கும். பாடுகிறவர் கத்தியதால் எரிவதில்லை, குமிழைத் திருப்பியதால் எரிகிறது. பேட்டரியில் ஓட்டும்போது சார்ஜ் இறங்கினால் இன்னும் சீக்கிரம் சீவத் தொடங்கும், ஏனென்றால் கூரையே தாழ்ந்துவிடுகிறது.

சில்லுக்குள் இரண்டு கம்பேரட்டர் என்றேன் அல்லவா, அந்த இரண்டாவது இங்கே உதவும். அதன் கோட்டை நடுவில் வைக்காமல், ஆம்பிளிஃபயர் சீவத் தொடங்குகிற உயரத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால் போதும். அலை அதைத் தொடும்போதெல்லாம் ஒரு சிவப்பு எல்இடி எரியும். குழாய் ஸ்பீக்கருக்கு நீளமான லைன் இழுக்கிறவர்கள் 100 வோல்ட் லைனில் ஓட்டுவார்கள். அதை நேராக இதில் செருகினால் சில்லு அந்த நிமிஷமே காலி, கையை வைத்தால் நமக்கும் ஆகாது. 220 கே, 1 கே இரண்டையும் வைத்து சுமார் இருநூற்றிருபதில் ஒரு பங்காக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், சர்க்யூட்டைப் பவர் பேங்கில் தனியாக ஓட்ட வேண்டும். அண்ணன் செட்டில் இப்போது அப்படி ஒரு விளக்கு இருக்கிறது. அதைப் பார்த்துக் குமிழைக் குறைக்கிறாரா என்பது கோயில் தர்மகர்த்தா பக்கத்தில் நிற்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்தது.

சதுரமாக்கியதால் எனக்கு உண்மையில் பயன்பட்டது வேறொரு வேலைக்கு: சுருதி பார்ப்பது. உயரத்தைத் தூக்கிப் போட்ட பிறகு மிஞ்சுவது நேரம் மட்டும்தான், சுருதி என்பதும் நேரம்தான். ஒரு கட்டை ஆண் குரல் என்றால் 130.8 ஹெர்ட்ஸ். ஒரு விநாடிக்கு எத்தனை அலை என்று எண்ணினால் 130 அல்லது 131 என்று வரும். இந்த ஒரு ஹெர்ட்ஸ் தவறு சின்னதில்லை. ஒரு ஸ்வரத்துக்கும் பக்கத்து ஸ்வரத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை 100 சென்ட் என்று பிரித்தால் இது 13 சென்ட், நல்ல காது முகம் சுளிக்கும். அதற்குப் பதில், ஓர் அலை முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தால் 7,645 மைக்ரோ செகண்ட். சாதாரண ஆர்டுயினோ ஊனோ 4 மைக்ரோ செகண்ட் வரை பிரித்துச் சொல்லும். தவறு ஒரு சென்ட்டுக்குள் வந்துவிடுகிறது. சதுர அலையின் செங்குத்தான விளிம்பு இல்லாமல் இந்த அளவு நடக்காது. வளைவான அலையில் ‘எங்கே தொடங்கியது’ என்பதே சண்டைக்குரிய கேள்வி.

ஆர்மோனியத்துக்கு இது ஒழுங்காக வேலை செய்கிறது. கூத்தில் ஊதுகிற முகவீணை முரண்டு பிடிக்கும். சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிற அந்த வாத்தியம் ஊர் எல்லை வரை கேட்பதற்குக் காரணமே அதன் மேல் அனுசுரங்களின், அதாவது மூல ஸ்வரத்தின் மடங்குகளின், பலம். இரண்டாவது அனுசுரம் மூல ஸ்வரத்தைவிட ஓங்கிவிட்டால் அலை ஒரு சுற்றுக்குள் கோட்டை இரண்டு தடவை சுற்றி வந்துவிடும். மீட்டர் ஒரு ஸ்தாயி மேலே காட்டும். கம்பேரட்டருக்கு முன்னால் 10 கே ரெசிஸ்டரும் கிரவுண்டுக்கு ஒரு 103 கெபாசிட்டரும் போட்டு 1,600 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத் தாழ்த்தினால் அடங்குகிறது. பேச்சுக்குச் செய்த வேலைக்கு நேர் எதிர் வேலை இது. சொல் வேண்டுமானால் கீழே உள்ளதைக் குறை, சுருதி வேண்டுமானால் மேலே உள்ளதைக் குறை.

தோல் வாத்தியங்களில்தான் ஆச்சரியம். மிருதங்கத்தின் வலந்தலையில் ஒரு தட்டு, மீட்டரில் எண் சில கணம் நிலையாக நிற்கிறது. சாதாரணமாக இறுக்கிக் கட்டிய தோலுக்கு அது முடியாது. வட்டத் தோலின் அதிர்வுகள் ஒன்றுக்கு 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாத விகிதத்தில் வருபவை. அலை ஒவ்வொரு சுற்றும் வேறு வடிவம் எடுக்கும், கோட்டைக் கடக்கிற நேரமும் தாறுமாறாகும். மிருதங்கத்தில் நடுவே பூசிய கரணை அந்த விகிதங்களை இழுத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசைப்படுத்திவிடுகிறது. இதைக் கண்டு சொன்னவர் நம் சி. வி. ராமன், கல்கத்தாவில் இருந்தபோது. சிவகாளி குமாரோடு சேர்ந்து 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார், 1934-ல் விரிவாக இன்னொரு கட்டுரை. ஒளிச் சிதறலுக்கு நோபல் வாங்கியவர் மிருதங்கத்தின் மேல் மணலைத் தூவிப் பார்த்துக்கொண்டிருந்தார்!

பம்பையை வைத்தும் பார்த்தேன். எண் ஓரிடத்தில் நிற்கவில்லை, ஒவ்வொரு அடிக்கும் நூறு நூறாகத் தாவியது. வடிகட்டி போட்டும் பயனில்லை. சர்க்யூட்டில் கோளாறு இல்லை, அந்தத் தோலில் கரணை இல்லை. பம்பைக்குச் சுருதி பார்க்க வேண்டுமென்றால் எல்லா அலைவரிசைகளையும் பிரித்துப் படமாகக் காட்டுகிற ஸ்பெக்ட்ரம் ஆப் ஏதாவது ஒன்றை ஃபோனில் இறக்கிக்கொள்ளுங்கள். அங்கே எல்எம் 393-க்கு வேலை இல்லை.